நின்றால் அணைந்துபோகும் வண்டி

ராஜமுருகனின் வேனுக்கு வந்த வியாதி விசித்திரமானது. ஓடும்போது ராஜா மாதிரி ஓடும். மேடு ஏறும், பள்ளம் இறங்கும், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் ரயில்வே கேட்டிலோ செக்போஸ்ட்டிலோ நிறுத்தி, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், எஞ்சின் வெடவெடவென்று குலுங்கும், திணறித் திணறி இழுக்கும், அப்புறம் பொசுக்கென்று அணைந்துவிடும். ஐடில் நிற்கவில்லை என்பார்கள் மெக்கானிக்குகள். சொல்வதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஏன் நிற்கவில்லை என்று கேட்டால்தான் தலையைச் சொறிவார்கள்.

அணையும்போதெல்லாம் கூடவே இன்னொன்றும் நடக்கும். ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டில், பெல்ட்டோடு ஒரு பழைய சேலையையும் சுற்றிக் கட்டி உட்காரவைத்திருக்கும் ராஜமுருகன், வாதம் தொடாத இடது கையை மெல்லத் தூக்குவார். இரண்டு சீட்டுக்கும் நடுவே எஞ்சின் மேட்டின்மேல் ஒரு சின்னப் பலகை, அதில் ஒரு பித்தளை வேல். கை அந்த வேலை நோக்கி நீளும். பார்க்கிறவர்களுக்குப் புல்லரித்துவிடும். பேச்சு போய், பாதி உடம்பு போய், இந்த மனுசனுக்கு முருகன் மட்டும் மறக்கவில்லையே என்று கண் கலங்குவார்கள். அவர் மனைவி புவனா கன்னத்தில் போட்டுக்கொண்டு, வேலடியில் உள்ள சம்புடத்திலிருந்து விபூதி எடுத்து அவர் நெற்றியில் பூசிவிடுவாள். அப்போதும் கை இறங்காது. அவளே பிடித்து மடியில் இறக்கிவைப்பாள்.

பழனி அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருப்பவளுக்குப் பக்தி புதிதா என்ன. தினமும் அரோகராச் சத்தத்தில்தான் கடையைத் திறக்கிறாள். புதிதாக இருந்தது ராஜமுருகனின் பக்திதான். நல்லாயிருந்த காலத்தில் அவர் சாமி கும்பிட்டதைக் கண்ணால் கண்டவர் குறைவு. மலைப்பூண்டு லோடு ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் மேல்மலைக்கும் ஒட்டன்சத்திரத்துக்குமாக அலைந்த மனுசன். திருநீறு பூசச் சொன்னால் வேர்வையில் கரைஞ்சு கண்ணுல விழுது என்று சாக்குச் சொல்வார்.

அந்த வேலைக்கூட அவளுடைய பிடிவாதத்தால்தான் வைத்தார். பள்ளிக்கூடம் ஒன்று கழித்துவிட்ட பழைய பெட்ரோல் வேனை வாங்கி, உள்ளே சீட்டுகளைப் பிடுங்கி எறிந்து, மடக்குக் கட்டில், அடுப்பு, தண்ணீர் டிரம், ஜன்னலுக்குத் திரை என்று ஒரு குட்டி வீடே கட்டிவிட்டிருந்தார். தெருவே வீட்டு வேன் என்று பெயர் வைத்துச் சிரித்தது. இருக்கிற வண்டி போதாதா, இது எங்கே ஓடப்போகிறது என்று புவனா ஒருநாள் கேட்டே விட்டாள்.

"ஓடுறதுக்கு ஆயிரம் வண்டி கெடக்கு புவனா," என்றார் அவர். "இது நிக்கிறதுக்கு. இத்தன வருசமா அந்த மலையில லோடோட ஓடுனேன், ஒரு எடத்துல நின்னு பாக்கல. மன்னவனூர் தாண்டி ஒரு வளைவு இருக்கு. அங்க நிப்பாட்டி, கதவத் தொறந்து வெச்சுக்கிட்டு, நீயும் நானும் டீயக் குடிச்சுக்கிட்டு சும்மா பாத்துக்கிட்டே இருக்கணும்."

அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது. அந்த வயதில் வரக்கூடாத வெட்கம். அதை மறைக்கத்தான், சாமி இல்லாத வீடு வீடா என்று ஆரம்பித்தாள். அவர், சாமி மலைமேல நல்லாத்தான இருக்காரு, எஞ்சின் மேல எதுக்கு ஏத்துற என்றார். அது அடிக்கடி திறந்து பார்க்கிற இடம் என்றும் சொன்னார். அவள் விடவில்லை. கண்ணுக்கு நேரே இருக்கவேண்டும், அங்கேதான் வேண்டும் என்று சாதித்துவிட்டாள். பலகை அடித்து, வேலை நிறுத்தி, பூப்போட்டு, கற்பூரமும் காட்டியாயிற்று. ஏற்றிய சாமியை இறக்கக்கூடாது என்பது அடிவாரத்துச் சட்டம். அதற்கப்புறம் பலகைக்கு அடியில் எஞ்சினை மூடியிருக்கும் தகட்டை யாரும் தொடவில்லை. வேல் லேசாக ஆடுகிறது என்று அவள் குறை சொன்னபோது, அவர் மட்டும் ஒரு தடவை திருப்புளியை எடுத்துவந்து இறுக்கிக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் வண்டி வாசலிலேயே அணைந்தது. அவர் தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டார். திரும்ப ஸ்டார்ட் செய்தார், திரும்ப அணைந்தது. என்னன்னு தெரிஞ்சுபோச்சு, சாயங்காலம் பாத்துக்கிறேன் என்று சிரித்தபடி சொல்லிவிட்டுத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். அன்று மத்தியானம் டீக்கடை பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்தவர்தான். அந்தச் சாயங்காலம் வரவேயில்லை.

வலது கையும் காலும் போயின. பேச்சு அடியோடு போயிற்று. புரிகிறதா இல்லையா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். சோறு வேண்டுமா என்றால் தலை மேலும் கீழும் ஆடும், வேண்டாமா என்றாலும் அப்படியே ஆடும். கொஞ்ச நாளில் எல்லாரும் கேட்பதை விட்டுவிட்டார்கள். அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசினார்கள். புவனா குளிப்பாட்டினாள், ஊட்டினாள், கடையில் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் அவரிடம் ஒப்பித்தாள். எல்லாம் சாமியிடம் பேசுகிற மாதிரிதான். பதில் வரும் என்று எதிர்பார்த்துப் பேசுகிற பேச்சில்லை அது.

வண்டியை மட்டும் எப்படியாவது சரிசெய்துவிட வேண்டும் என்று துடித்தாள். செந்தில்வேல் என்ற மெக்கானிக் டிரைவர் சீட்டைத் தூக்கிக் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான், பிளக் மாற்றினான், ஐடில் திருகைக் கூட்டிவைத்தான். நடுவில் இருக்கும் தகட்டையும் ஒருதரம் திறந்து பார்க்கலாமா என்று இழுத்தான். அதுமேல சாமி இருக்குப்பா என்றாள் புவனா. உடனே கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, வேலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். வண்டி கொஞ்ச நாள் தேவலாம் போலிருந்தது, பிறகு பழைய கதைதான். வேறு இரண்டு பேரும் பார்த்தார்கள். அவர்களும் பழனிக்காரர்கள். அவர்களும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

கடைசியில் ராஜமுருகனின் தம்பி குகன் ஒரு ஏற்பாடு செய்தான். மேல்மலையில் இருக்கும் போளூரில் குழந்தைவேல் என்ற விவசாயி வண்டியை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். கட்டிலையும் அடுப்பையும் பிடுங்கிவிட்டுப் பூண்டு மூட்டை ஏற்றுவாராம். ஐடில் கோளாறைச் சொன்னதற்கு, எங்க ஊருல நிக்கிறதுக்கு எவனுக்கு நேரமிருக்கு, ஓடுனாப் போதும் என்றாராம். குகன் கெட்டவனில்லை. ஆட்டோ ஓட்டிக்கொண்டே அண்ணனுக்கும் ஓடியவன். தெருவில் நின்று துருப்பிடிக்கிற வண்டியைப் பார்க்கப் பார்க்க அவனுக்குத் தாங்கவில்லை, அவ்வளவுதான்.

புவனா ஒத்துக்கொண்டாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். கடைசிப் பயணத்தில் அவளும் அவரும் கூட வருவார்கள், அந்த வளைவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வண்டியை ஒப்படைக்க வேண்டும், வேலை அவளே தன் கையால் இறக்கி எடுத்துக்கொள்வாள். வண்டி கைவிட்டுப் போவதல்ல அவளை அரித்தது. போவது அவருக்குத் தெரிகிறதா என்பதுதான். தெரியவில்லை என்றால் அவர் அந்த டீக்கடையிலேயே போய்விட்டார் என்று அர்த்தம். தெரிகிறது என்றால், தன் ஆசையைத் தன் கண்முன்னே விற்கிறவளைப் பார்த்துக்கொண்டு அந்த மனுசன் வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். இரண்டில் எது பரவாயில்லை என்று அவளுக்கே விளங்கவில்லை.

புரட்டாசி மாதத்தில் ஒருநாள் வெள்ளனே கிளம்பினார்கள். குகன் ஓட்டினான், பக்கத்தில் ராஜமுருகன், பின்னால் கட்டிலில் கையில் எலுமிச்சம்பழத்தோடு புவனா. கல்யாணமான புதிதில் ஒரே ஒருமுறை கொடைக்கானலுக்குப் பஸ்ஸில் போயிருக்கிறாள். அப்போது அவள் பார்த்ததெல்லாம் ஒரு பாலித்தீன் பையின் உட்புறம்தான். ஏரியைக்கூட, முகம் கழுவத் தண்ணீர் இருக்கிற இடம் என்ற அளவில்தான் ஞாபகம். அந்தப் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டே வந்தவள், எத்தனையோ வளைவு தாண்டி, வாந்தி வரவில்லையே என்ற ஆச்சரியத்தில்தான் கண்ணைத் திறந்தாள்.

திறந்தவள் அப்புறம் மூடவில்லை. கீழே, எங்கோ பாதாளத்தில், அணைத் தண்ணீர் வெயிலில் மின்னியது. அதற்கு அப்பால் சமதரையில் ஒரு களி உருண்டை மாதிரி ஏதோ இருந்தது. அதுதான் மதினி நம்ம மலை என்றான் குகன். அவளுக்கு நம்ப முடியவில்லை. பிறந்ததிலிருந்து அண்ணாந்து பார்த்த மலை, அவள் கடை, தெரு, அரோகராக் கூட்டம், அவளுடைய மொத்தக் கவலையும், எல்லாம் அந்த உருண்டையின் காலடியில் கண்ணுக்கே தெரியாமல் கிடந்தன. பயமும் சந்தோசமும் ஒன்றாக வந்தன. இதைத்தான் இவர் தினம் தினம் பார்த்துவிட்டு வந்து, ஒன்றும் சொல்லத் தெரியாமல் வெறுமனே சோறு போடு என்று உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

கொடைக்கானல் டவுனில் வண்டி மானத்தை வாங்கியது. சுற்றுலாக் கூட்டத்தில் நகர்ந்து நகர்ந்து போகவேண்டியிருந்தது, ஒவ்வொரு நிற்றலிலும் அணைந்தது. பின்னால் ஹாரன் அடித்துத் தள்ளினார்கள். குகன் ஒரே பாதத்தைக் குறுக்கே போட்டுப் பாதி பிரேக்கிலும் பாதி ஆக்சிலேட்டரிலும் மிதித்து வித்தை காட்டினான். ராஜமுருகனின் கை ஏறிக்கொண்டே இருந்தது. புவனா விபூதி பூசிக்கொண்டே வந்தாள். பூம்பாறைப் பக்கம் போவதற்குள் அவர் நெற்றி சுண்ணாம்பு அடித்த சுவராகிவிட்டது.

மன்னவனூர் தாண்டியதும் மூடுபனி இறங்கியது. முதலில் மரங்களின் தலை காணாமல் போனது, பிறகு மரங்கள், பிறகு ரோடு. குகன் விளக்கைப் போட்டு ஊர்ந்தான். அவர் சொன்ன வளைவு இதுவாகத்தான் இருக்கும், ஆனால் பார்ப்பதற்கு வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. புவனாவுக்கு அழுகை முட்டியது. இத்தனை தூரம் வந்தும் கொடுத்துவைக்கவில்லையே என்று நினைக்கும்போதே, வெள்ளைக்குள் ஒரு கறுப்பு தென்பட்டது.

காட்டுமாடு. ரோட்டின் நடுவில் குறுக்காக நின்றது. குகன் பிரேக்கை அழுத்த, வண்டி நின்று, குலுங்கி, அணைந்தது. அணைந்த பிறகுதான் அந்த மலைக்கு எவ்வளவு பெரிய அமைதி இருக்கிறது என்று தெரிந்தது. மாட்டின் திமில் வண்டிக் கண்ணாடிக்கு மேலே இருந்தது. காலில் மட்டும் முழங்கால்வரை வெள்ளை. அது விட்ட மூச்சு தனியாக ஒரு பனியாகி முன்கண்ணாடியில் படிந்தது. அதன் வயிற்றுக்கடியில் செம்பட்டையாக ஒரு கன்று நின்று இவர்களை எட்டிப் பார்த்தது. குகன் உதட்டில் விரலை வைத்தான். வைக்கவேண்டிய அவசியமே இல்லை, புவனாவுக்கு மூச்சுவிடவே மறந்துபோயிருந்தது. இவ்வளவு பெரிய உயிரை இவ்வளவு கிட்டத்தில் அவள் கோயில் யானையாகத்தான் பார்த்திருக்கிறாள். அதற்குச் சங்கிலி உண்டு, பாகன் உண்டு. இதற்கு யாரும் இல்லை. இதுவே இதற்கு எல்லாம் என்று தோன்றியது. கும்பிடலாம் போலிருந்தது.

அந்த நேரத்திலும் ராஜமுருகனின் கை எழுந்தது. வேலை நோக்கி நீண்டது. பயந்துவிட்டார் பாவம் என்று அவள் பின்னாலிருந்து அவர் தோளைத் தடவிக்கொடுத்தாள். மாடு அவசரப்படவில்லை. பார்க்கவேண்டிய அளவு பார்த்துவிட்டு, கன்றைத் தள்ளிக்கொண்டு சரிவில் இறங்கிப் பனிக்குள் போய்விட்டது.

அதற்கப்புறம் வண்டி நகரவில்லை. கிளம்பும், காலை எடுத்தால் அணையும், கியர் போடுவதற்குள் அணையும். குகன் சீட்டைத் தூக்கித் திருகைக் கூட்டினான், குறைத்தான், திட்டினான். பேட்டரியும் மந்தமாகத் தொடங்கியது. போனில் சிக்னல் கிடையாது. குழந்தைவேல் தோட்டம் பக்கத்தில்தான், நடந்துபோய் அவருடைய ஜீப்பையும் கயிற்றையும் கொண்டுவருகிறேன் என்றான்.

"வெரசா வந்துருவேன் மதினி. கதவச் சாத்திக்கிட்டு உள்ளயே இருங்க. எப்பிடியும் இனி இது அவுக வண்டி, அவுக பாத்துக்கிடட்டும்."

அவன் போய்விட்டான். அவன் கடைசியாகச் சொன்னது மட்டும் வண்டிக்குள்ளேயே இருந்தது. ஆட்கள் வந்துவிட்டால் கயிறு, இழு, தள்ளு என்று அவசரம் வந்துவிடும், சாமியை மரியாதையாக இறக்க முடியாது. இப்போதே செய்துவிடலாம் என்று புவனா முன்பக்கம் நகர்ந்து, எஞ்சின் மேட்டுக்குப் பின்னால் மண்டியிட்டாள். முருகா, ஏத்துனவளே எறக்குறேன், கோவிச்சுக்கிராத என்று முணுமுணுத்தாள். காய்ந்த பூவை எடுத்தாள். விபூதிச் சம்புடத்தை எடுத்தாள். வேலைத் தாங்கும் குழியிலிருந்து வேலைத் திருகி எடுத்து, ஈரத்துண்டால் துடைத்து, மடியில் கிடத்தினாள்.

நிமிர்ந்தால், அவர் கை நீண்டிருந்தது.

வேலைப் பார்த்து அல்ல. வேல் அவள் மடியில் இருந்தது. கை முன்பு நீண்ட இடத்திலேயே, வெறும் பலகையை நோக்கி, அப்படியே நீண்டிருந்தது.

"சாமி இங்க இருக்காருங்க," என்று அவள் வேலை எடுத்து அவர் கைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அவர் புறங்கையால் வேலை மெதுவாக ஒதுக்கினார். மறுபடி பலகையைக் காட்டினார். பலகையைக்கூட இல்லை, பலகையின் ஓரத்தில் ஒரு மூலையை. ஒற்றை விரலால்.

புவனா வேலை மறுபடி மடியில் வைத்தாள். "சாமி கும்பிடலையா நீங்க?" என்று கேட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு அவரிடம், பதில் வேண்டும் என்று கேட்ட முதல் கேள்வி அது. அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பேச்சில்லை, ஆனால் பதில். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கன்னத்தில் உதிர்ந்திருந்த விபூதியையும் கரைத்துக்கொண்டு இறங்கியது.

கட்டிலுக்கடியில் அவருடைய டூல்ஸ் பெட்டி இருந்தது. திருப்புளியை எடுத்துக் காட்டினாள். விரல் மூலையிலிருந்து நகரவில்லை. பலகையின் மற்ற திருகாணிகளெல்லாம் அரைவிரல் நீளம், சட்டென்று வந்துவிட்டன. அந்த மூலைத் திருகாணி மட்டும் வந்துகொண்டே இருந்தது. வேல் ஆடுகிறது என்று அவள் குறைபட்டபோது அவர் மாற்றிப் போட்டது அதுதான். ஆட்டம் நிற்கட்டும் என்று பெட்டியிலிருந்த நீளமான ஒன்றை எடுத்துத் திருகியிருக்கிறார். முழுசாக வெளியே வந்தபோது அதன் நுனியில் கறுப்பு ரப்பர்த் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

பலகையை எடுத்துவைத்துவிட்டுத் தகட்டைத் தூக்கினாள். அடியில் ஒரு தடித்த ரப்பர்க் குழாய் வளைந்து போயிற்று. அது எதற்கு, எங்கே போகிறது, ஒன்றும் அவளுக்குத் தெரியாது. அவர் விரல் குழாயைக் காட்டியது. பிறகு சாவியைக் காட்டியது.

"வண்டியக் கெளப்பணுமா?"

விரல் மடங்கி நீண்டது. அவள் டிரைவர் சீட்டில் ஏறிச் சாவியைத் திருகப் போனாள். விரல் வேண்டாம் என்பதுபோல் ஆடி, டாஷ்போர்டின் அடியிலிருந்த, எஞ்சினுக்குக் கூடுதலாகப் பெட்ரோல் விடும் சோக்குக் குமிழைக் காட்டியது. அதை இழுத்துவிட்டுச் சாவியைத் திருகினாள். பேட்டரி முனகியது, முனகியது, எஞ்சின் பிடித்துக்கொண்டு தாறுமாறாக உறுமியது. உறுமலுக்கு அடியில் பாம்பு சீறுவது போல ஒரு சத்தம். அவள் திரும்பிக் குனிந்து பார்த்தாள்.

குகன் சரியாகச் சாத்தாமல் போன பக்கக் கதவின் வழியாக மூடுபனி உள்ளே வந்துகொண்டிருந்தது. கட்டில்மேல் படர்ந்து, தரையில் தவழ்ந்து, திறந்து கிடந்த எஞ்சின் குழிக்குள்ளும் எட்டிப் பார்த்தது. அப்படி எட்டிப் பார்த்த பனி அந்தக் குழாயின் அருகில் வந்ததும் ஒரு நூலாகத் திரண்டது. வெள்ளை நூல். அது நேராக, வேகமாக, கண்ணுக்கே தெரியாத ஒரு துளைக்குள் போய்க்கொண்டிருந்தது. யாரோ உள்ளேயிருந்து இழுப்பது போல. அந்த மலை முழுக்க நிறைந்து நிற்கும் பனியிலிருந்து ஒரு இழையை இந்த வண்டி உறிஞ்சிக்கொண்டிருந்தது. புவனா வாயைப் பிளந்து பார்த்தாள். மூன்று மெக்கானிக்குகளின் கண்ணுக்குப் படாதது, காற்றில் வரைந்து காட்டியது போல அவள் முன்னால் இருந்தது.

கட்டைவிரலால் துளையை அடைத்தாள். சீறல் நின்றது. எஞ்சினின் குரலே மாறிவிட்டது. அவர் விரல் சோக்குக் குமிழைக் காட்டியது. மற்றொரு கையை நீட்டி அதை உள்ளே தள்ளினாள். சத்தம் இறங்கியது. இன்னும் இறங்கியது. வழக்கமாக உயிரை விடும் இடத்துக்கு வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அணையவில்லை. யாரும் ஆக்சிலேட்டரை மிதிக்காமல், தானாக, நிதானமாக, தூங்குகிற குழந்தையின் மூச்சு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

"இதத்தான் சொன்னீங்களா?" என்றாள் புவனா. "இம்புட்டு நாளா இதத்தான் சொல்லிக்கிட்டு இருந்தீங்களா?"

ராஜமுருகனின் கை இறங்கியது. யாரும் பிடிக்காமல், தானாகவே இறங்கி மடியில் அமர்ந்தது.

அவள் அழுதாள். துளையிலிருந்து விரலை எடுக்கப் பயந்து, குனிந்த நிலையிலேயே அழுதாள். வாய் போன மனுசன் மிச்சமிருந்த ஒரே கையால் சொன்ன ஒரே பேச்சை, விபூதி பூசிப் பூசி அவள் அடைத்திருக்கிறாள். ரயில்வே கேட்டில் சொன்னார். செக்போஸ்ட்டில் சொன்னார். காட்டுமாடு முன்னால் நிற்கும்போதுகூடச் சொன்னார். சலிக்காமல், கோபப்படாமல், அடுத்த தடவையாவது கேட்பாள் என்று. அவர் எங்கும் போய்விடவில்லை. முழுசாக, அத்தனை அறிவோடும் ஞாபகத்தோடும், இந்தப் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். மேட்டையும் பள்ளத்தையும் மாட்டையும் பார்த்துத் திகைத்தவளுக்கு, இதைவிடப் பெரிதாக இந்த மலையில் திகைப்பதற்கு ஒன்றும் இல்லை என்று பட்டது. வேறு என்னென்ன சொன்னாரோ, எதையெல்லாம் கேட்காமல் விட்டாளோ.

ஜீப் வந்து நின்றபோது அவள் இன்னும் விரலை எடுத்திருக்கவில்லை. குகன் இறங்கி வந்து, சத்தத்தைக் கேட்டு, கதவருகிலேயே நின்றுவிட்டான். ஆக்சிலேட்டரில் யார் காலும் இல்லை, வண்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதுவும் ஐடிலில். பேயடித்தவன் மாதிரி மதினியையும் அண்ணனையும் மாறிமாறிப் பார்த்தான். அவள் நீளத் திருகாணியை எடுத்துக் காட்டி நடந்ததைச் சொன்னாள். அவன் அண்ணனின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். எங்க அண்ணன் சாமி கும்பிடுறாருன்னு நாந்தான எல்லார்கிட்டயும் பெருமையாச் சொன்னேன் என்று தலையில் அடித்துக்கொண்டான்.

குழந்தைவேல் நிதானமான ஆள். ஜீப்பிலிருந்து சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து குழாயின் துளைமேல் இறுக்கிச் சுற்றிக் கட்டினார். கீழே போனதும் புதுக் குழாய் போட்டுருங்க, இது எஞ்சின்லருந்து பிரேக்குக்குப் போற குழாய், ஓட்டை வழியாக் காத்துப் புகுந்துதான் அணைஞ்சிருக்கு, சும்மா விடக்கூடாது என்றார். புவனா அப்போதுதான் விரலை எடுத்தாள். விரல் நுனி குழிந்து வெளுத்துப்போயிருந்தது. எஞ்சின் அப்படியே ஓடியது. கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அப்ப வண்டி எப்பிடித் தாயி, குடுக்கிறாப்புலயா இல்லையா என்று கேட்டார்.

"என்னையக் கேக்காதீங்கண்ணே," என்றாள் புவனா. "வண்டிக்காரரு இருக்காரு. அவரக் கேளுங்க."

குழந்தைவேல் தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஜன்னலுக்கு நேரே வந்து நின்று, ஆளைப் பார்த்துக் கேட்டார். யாரும் அவருக்காகப் பதில் சொல்லவில்லை. காத்திருந்தார்கள். ராஜமுருகனின் கை மெல்ல எழுந்தது. முன்னாலும் போகவில்லை, பலகைக்கும் போகவில்லை. தோளுக்கு மேலாகப் பின்பக்கம் திரும்பிற்று.

பின்னால் கட்டில் இருந்தது, டிரம் இருந்தது, அடுப்பு இருந்தது. புவனா ஒவ்வொன்றாகக் கேட்டாள். கட்டிலா? இல்லை. தண்ணியா? இல்லை. அடுப்பா என்றதும் விரல் மடங்கி நீண்டது. "டீயா? இவுகளுக்கு டீ போடவா?" கோணிப்போன அந்த முகத்தின் நல்ல பாதி சிரித்தது.

குழந்தைவேலும் சிரித்துவிட்டார். "வீட்டுக்கு வந்தவனுக்கு டீ குடுக்கச் சொல்றாரு," என்றார் குகனிடம். "குடியிருக்கிற வீட்டுல நான் எப்பிடிப்பா பூண்டு மூட்டைய ஏத்துறது?"

புவனா சாவியைத் திருகி எஞ்சினை நிறுத்தினாள். இந்த முறை அது தானாக அணையவில்லை, அவளாக நிறுத்தினாள். அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீர் ஏற்றினாள். தேயிலை கொதித்து வண்டிக்குள் மணக்கும்போது, முன்சீட்டிலிருந்து அவர் கை மறுபடி எழுந்தது. பழக்கதோஷத்தில் அவள் விரல்கள் விபூதிச் சம்புடம் இருந்த பக்கம் போயின. போனவை பாதியில் நின்றன.

"என்னங்க?" என்று கேட்டாள்.

அவர் விரல் திறந்திருந்த கதவுக்கு வெளியே நீண்டிருந்தது. பனி கலைந்துகொண்டிருந்தது. புவனா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அவர் காட்டிய பக்கம் திரும்பிப் பார்த்தாள்.